மதிலுக்கு அந்தப் பக்கத்து ஆள்

"விளங்கேல்லைத் தம்பி. திருப்பி ஒருக்காச் சொல்லுங்கோ," என்றாள் குணமணி.

வானொலி நிலைய முகாமையாளர் ஜெயக்காந்தன் பேனையின் மூடியைக் கழற்றினார், மறுபடி போட்டார். "லைலா ராத்தாவுக்குத் தொண்டையில ஒப்பரேசன் முடிஞ்சுது. இனிப் பழைய குரல் வராது எண்டு டொக்டர் சொல்லிப்போட்டார். அது உங்களுக்கும் தெரியும்."

"தெரியும். ஆஸ்பத்திரியில மூண்டு நாள் பக்கத்தில இருந்தனான்."

"அப்ப 'மதிலுக்கு மேலால' நாடகத்துக்குப் புது ஆள் வேணும்."

"வேணும்."

"புது ஆளை எடுக்கிறதோட அந்தப் பழைய பிழையையும் திருத்துவம் எண்டு பாக்கிறன். தெய்வானை தமிழ்ப் பொம்பிளை. அவவுக்குத் தமிழ் ஆள். றஹ்மா முஸ்லிம் பொம்பிளை. அவவுக்கு முஸ்லிம் ஆள்."

"அப்ப நான்?"

"நீங்கள் தெய்வானையா வாங்கோ அக்கா. உங்கட கதை, உங்கட பேச்சு. உங்களுக்கு லேசு."

"பன்னிரண்டு வருசமா நான் றஹ்மா, லைலா தெய்வானை."

"அதாலதான் சொல்லுறன். காலம் சரியில்லை. போன மாசம் ஒருத்தர் பேஸ்புக்கில எழுதினதைப் பாத்தனீங்களோ? தமிழ்ப் பொம்பிளை ஒருத்தி ரேடியோவில முஸ்லிம் ஆக்களை நக்கலடிக்கிறா எண்டு. இருநூறு பேர் பகிர்ந்திருக்கினம்."

"அந்த இருநூறு பேரும் நாடகம் கேட்டவையோ?"

"அது எனக்குத் தெரியாது."

"கேட்டிருந்தால் லைலா எங்களுக்கு அடிக்கிற நக்கலையும் கேட்டிருப்பினம். அதை ஏன் ஒருத்தரும் எழுதேல்லை?"

ஜெயக்காந்தன் கதிரையில் சரிந்து உட்கார்ந்தார். "அவரவர் அவரவரா நடிச்சால் ஒருத்தரும் ஒண்டும் கதைக்க ஏலாது அக்கா."

"ஓம். ஒருத்தரும் சிரிக்கவும் ஏலாது." குணமணி எழும்பினாள். "என்னை நானே நடிக்கிறதெண்டால் அதுக்கு வீடு போதும். இஞ்ச நான் எதுக்கு வாறன்? தெய்வானைக்கு நீங்கள் விரும்பின ஆளைப் போட்டுப் பாருங்கோ. றஹ்மாவை விட்டு நான் எழும்பமாட்டன்."

பிறகு அவள் அறையின் மூலையில் குறிப்பேட்டோடு இருந்த பிரியங்கினியைத் திரும்பிப் பார்த்தாள். "இதையும் எழுதுங்கோ பிள்ளை. எழுத்தில கிடக்கட்டும்."

பிரியங்கினி எழுதினாள். அவள் அங்கே பிரதி எழுதுபவள். மூன்று வருடங்களுக்கு முன்னர், இரண்டு மொழியில் படித்து முடித்து, இரண்டிலும் வாயைத் திறக்க யோசிக்கிற ஒருத்தியாக அந்த நிலையத்துக்கு வந்திருந்தாள். அன்று எழுதிய குறிப்பில் குணமணியின் கடைசி வசனத்துக்குக் கீழே கோடு இழுத்தாள். ஏன் இழுத்தாள் என்று அப்போது கேட்டிருந்தால் அவளுக்குச் சொல்லத் தெரிந்திராது.

குணமணியைத் திருகோணமலையில் முகத்தால் தெரிந்தவர்கள் குறைவு. குரலால் தெரியாதவர்கள் அதைவிடக் குறைவு. மூதூருக்குப் போகும் தனியார் படகுக்கு டிக்கற் கொடுக்கும் கூண்டில் அவள் பதினைந்து வருடமாக இருக்கிறாள். கூண்டின் மேலே ஒரு ஒலிபெருக்கி. படகு வெளிக்கிடுகிற நேரத்தைச் சொல்லத்தான் அதைக் கட்டினார்கள். குணமணியோ குடையை மறந்து போனவரையும், இரண்டு பேரின் இடத்தில் ஒருவராக இருப்பவரையும், கரையில் நின்று மனைவியோடு சண்டை பிடிப்பவரையும் அதில் கூப்பிட்டுவிடுவாள். பாலங்கள் வந்த பிறகு சனம் பஸ்ஸில் போகத் தொடங்கியது. ஆள் குறைந்துவிட்டது, இனி ஒலிபெருக்கி எதற்கு என்று படகு முதலாளி கழற்ற வந்தார். "நாலு பேர் ஏறினாலும் நாலு பேரையும் பேர் சொல்லிக் கூப்பிடுவன். கழட்டுறதெண்டால் என்னையும் சேத்துக் கழட்டுங்கோ," என்று அவள் சொன்னாள். முதலாளி ஏணியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

ஊர் சம்பூர். தகப்பனிடம் மாடுகள் இருந்தன. மூதூரிலிருந்து லைலாவின் வாப்பா வாரத்தில் இரண்டு தரம் தயிர்ச் சட்டி ஏற்ற வருவார்; சைக்கிளின் முன்பாரில் லைலாவும் வருவாள். சட்டிகளுக்கு வைக்கோல் வைத்துக் கட்டி முடிக்கும்வரை இரண்டு சிறுமிகளும் மாட்டுப் பட்டியில் இருந்து கதைப்பார்கள். இரண்டாயிரத்து ஆறில் இரண்டு ஊர்ச் சனமும் அவரவர் பக்கத்துக்கு ஓடியது. குணமணி கடைசியில் திருகோணமலை லிங்கநகரில் ஒரு வீட்டில் வந்து நின்றாள். பிறகு சம்பூரில் காணி திரும்பக் கிடைத்தபோது தம்பியை அனுப்பினாள், தான் போகவில்லை. ஏன் என்று கேட்டவர்களிடம், "ஒருக்கா என்னை எழுப்பின இடத்தில திருப்பி இருக்கிறதோ, எழுப்பாத இடத்தில இருக்கிறதோ, அதை நான் தீர்மானிக்கிறன்," என்றாள்.

லைலாவை அவள் மறுபடி கண்டது டிக்கற் கூண்டின் கண்ணாடிக்கு ஊடாகத்தான். லைலா அப்போது நகரத்தில் ஒரு பாலர் பாடசாலையில் வேலை. "ரெண்டு டிக்கற் தா குணம்," என்றாளாம், இடைப்பட்ட வருடங்களில் ஒரு நாள் கூடத் தவறாமல் கண்டவள் மாதிரி. "ரெண்டு எதுக்கு? நீ ஒருத்திதானே நிக்கிறாய்?" என்று கேட்க, "என்ட வாய்க்கும் ஒண்டு வேணுமே," என்றாளாம்.

நாடகம் தொடங்கிய கதையும் அந்த வாய்களின் கதைதான். ஒரே மதிலின் இரண்டு பக்கமும் இரண்டு குசினி. ஒன்றில் றஹ்மா, மற்றதில் தெய்வானை. அகப்பையால் மதிலில் மூன்று தரம் தட்டுகிற சத்தத்தோடு ஒவ்வொரு சனிக்கிழமையும் நாடகம் ஆரம்பிக்கும். முதல் பதிவு நாளன்று, எழுதியவரான சாமித்தம்பி இரண்டு கதிரை போட்டு, ஆளுக்கொரு பிரதியை முன்னால் வைத்திருந்தார். காற்றாடிக்குக் கீழே இருந்த கதிரை குணமணிக்கு. அதன் முன்னால் தெய்வானையின் பிரதி. லைலா வெயிலில் படகால் இறங்கி வந்தவள், நேரே காற்றாடியின் கீழே போய் இருந்தாள். குணமணி உள்ளே வந்து பார்த்தாள். வந்து இருந்தவளை எழுப்புவது வடிவில்லை என்று மற்றக் கதிரையில் இருந்தாள். முன்னால் கிடந்ததை வாசித்தாள். லைலாவும் முன்னால் கிடந்ததை வாசித்தாள். ஆளை மாற்றிவிட்டார்களாக்கும், மற்றவளுக்குச் சொல்லியிருப்பார்களாக்கும் என்று இருவரும் நினைத்தார்கள். கண்ணாடிக்கு வெளியே நின்ற சாமித்தம்பி பதிவை நிறுத்தச் சொல்லக் கையைத் தூக்கினார். தூக்கிய கை அப்படியே நின்றது. தொழில்நுட்பக்காரர் மேசையில் தலையை வைத்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

அந்தக் கதிரைகள் அதன் பிறகு மாறவில்லை.

பிரியங்கினி வந்தபோது சாமித்தம்பி வெருகலில் மகளோடு போய் இருந்துவிட்டார். பிரதி எழுதுவது அவள் தலையில் விழுந்தது. பழைய பிரதிகளில் ஒரு வழக்கம் இருந்தது: ஒவ்வொரு நாடகத்திலும் இரண்டு மூன்று இடத்தில் வசனமே இல்லை, இரண்டு விரல் அகலத்துக்கு வெறும் இடம். அதில் ஒருத்தி மனதில் வந்ததைச் சொல்லுவாள். அது என்னவென்று மற்றவளுக்கு முன்கூட்டித் தெரியாது. சனிக்கிழமை பின்னேரம் கிண்ணியாவிலும் வெருகலிலும் சனம் சிரித்த இடங்கள் பெரும்பாலும் அந்த வெறும் இடங்கள்தான். சமையல் எரிவாயு தட்டுப்பட்ட வருடம் ஒரே சிலிண்டர் மதிலுக்கு மேலால் போய்ப் போய் வந்த நாடகத்தில், "கவனமாப் பிடி, என்ட புருசனத் தூக்கிறதெண்டாலும் நான் இவ்வளவு பயப்பட மாட்டன்," என்று குணமணியின் றஹ்மா சொன்னது எந்தப் பிரதியிலும் இல்லை.

குணமணியின் கணவர் மட்டும் சிரிக்கமாட்டார். மா ஆலையில் நிறுவைக்காரர் அவர். "வீட்டில கேக்கிறது போதாதோ?" என்று ரேடியோவை விட்டு எழும்பிப் போவார்.

தெய்வானைக்கு ஜெயரூபியை எடுத்தார்கள். கெட்டிக்காரப் பிள்ளை, நாடகம் படித்தவள். லைலாவின் பழைய பதிவுகளை ஒரு கிழமை இரவு பகலாகக் கேட்டு, அவள் மூச்சு இழுக்கும் இடத்தில் மூச்சு இழுத்து, இருமும் இடத்தில் இருமினாள். முதல் நாள் பதிவில் பிரியங்கினிக்கு மயிர் கூச்செறிந்தது. கண்ணை மூடினால் லைலாதான். ஜெயக்காந்தன் கண்ணாடிக்கு வெளியே பெருவிரலை உயர்த்திக் காட்டினார்.

சனிக்கிழமை நாடகம் போனது. ஞாயிறு காலை நிலையத்தின் தொலைபேசியைத் திறந்தால் நேயர்களின் குரல் செய்தி ஒன்றும் இல்லை. அடுத்த கிழமை மூன்று வந்தன. மூன்றும் ஒரே கேள்வி: லைலா ராத்தாவுக்கு உடம்பு எப்படி?

வெறும் இடம் வந்தால் ஜெயரூபி திணறினாள். லைலா என்ன சொல்லியிருப்பாள் என்று யோசிக்க அவளுக்கு ஒரு கணம் தேவைப்பட்டது. அந்தக் கணத்தில் குணமணி காத்துக்கொண்டிருந்தாள். காத்திருக்கிற சத்தம் வானொலியில் கேட்கும்.

செவ்வாய்க்கிழமைகளில் பிரதியைக் கொண்டுபோய்க் கூண்டில் கொடுப்பது பிரியங்கினியின் வேலை. இரண்டாவது நாடகம் போன பிறகு வந்த செவ்வாயில் குணமணி கண்ணாடிக்குக் கீழால் தன் தொலைபேசியை அவளிடம் தள்ளினாள். லைலாவிடமிருந்து செய்தி. பேச முடியாததால் லைலா இப்போது எழுதுகிறாள்.

"அந்தப் புள்ள நல்லா நடிக்கிது குணம். ஆனா அது தெய்வானைய நடிக்கல்ல. என்னய நடிக்கிது. நான் ஒன்னத்தானே நடிச்சன்."

பிரியங்கினி இரண்டு தரம் வாசித்தாள். நிமிர்ந்தபோது குணமணி முகத்தைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டிருந்தாள். அழுகிறாளாக்கும் என்று பயந்தால், தோள் குலுங்கியது சிரிப்பில்.

"கள்ளி! பன்னிரண்டு வருசம் எனக்கு முன்னால இருந்து என்னையே நக்கலடிச்சிருக்கிறாள். அந்த 'எனக்கு உடம்பு ஏலாதடி, இல்லாட்டி விடுவனோ' எண்டிறது... நான் அப்பிடியோ கதைக்கிறனான்?"

பிரியங்கினி தொலைபேசியைக் கண்ணாடிக்குக் கீழால் திருப்பித் தள்ளினாள்.

"சொல்லுங்கோ பிள்ளை, நான் அப்பிடியோ?"

"ஓம் அக்கா."

"ம்." சேலைத் தலைப்பை இழுத்துச் செருகினாள். "நான் மட்டும் என்ன திறமோ? றஹ்மா எண்டு நான் ஆரைக் கதைச்சனான்? அவளைத்தான்."

நாலாவது செவ்வாய்க்கிழமை படகின் இயந்திரம் பழுது. பகல் பன்னிரண்டுக்கு வெளிக்கிட வேண்டிய படகு ஒன்றரைக்கும் துறையில் கட்டிக் கிடந்தது. பிரியங்கினி பிரதிக் கவரோடு வந்தபோது வரிசை வெயிலில் வளைந்து நின்றது.

"மூதூர் போற ஆக்கள் கொஞ்சம் பொறுத்திருங்கோ. படகு இன்னும் பத்து நிமிசத்தில வெளிக்கிடும்," என்றது ஒலிபெருக்கி. அது அன்றைக்கு நாலாவது பத்து நிமிடம்.

வரிசையின் முன்னால் நின்ற ஒரு பெண், முப்பது வயது மதிக்கலாம், நகரத்தில் ஒரு கண்ணாடிக் கடையின் பெயர் அச்சடித்த பையைத் தோளில் மாட்டியிருந்தவள், வெறும் தண்ணீர்ப் போத்தலை வாய்க்குக் கிட்டப் பிடித்தாள். சனத்தின் பக்கம் திரும்பினாள். வந்த குரல் குணமணியின் குரல்.

"மூதூர் போற ஆக்கள் கொஞ்சம் பொறுத்திருங்கோ. படகு வெளிக்கிடும். இண்டைக்கெண்டு சொன்னனானோ? ஒரு நாளைக்கு வெளிக்கிடும். அதுவரைக்கும் ஆரும் கடலைப் பாத்துப் பெருமூச்சு விடாதேங்கோ. அலை எழும்பும்."

வரிசையில் நின்ற எல்லோரும் கூண்டைப் பார்த்தார்கள். குணமணி அந்தப் பெண்ணைக் கண்ணாடிக்கு ஊடாகப் பார்த்தாள், மேலிருந்து கீழ் வரை. பிறகு ஒலிபெருக்கியைப் போட்டாள். அதில் வந்தது றஹ்மா.

"அல்லாஹ்வே, இந்தப் புள்ளட வாயப் பாருங்க! எஞ்சின் எதுக்கு? இவள முன்னால இருத்தினாப் படகு தானாப் போய்ச் சேருமே!"

"இருப்பன்!" என்றாள் அந்தப் பெண், அதே குணமணிக் குரலில், ஒரு கையை இடுப்பில் வைத்து. குணமணி இடுப்பில் கை வைப்பதும் அப்படித்தான். "ஆனால் ஓட்டுறவன் இறங்க வேணும். நான் கதைக்கேக்க பக்கத்தில ஆரும் சத்தம் போட்டால் எனக்குத் தலை சுத்தும்."

சனம் சிரித்த சிரிப்பில் துறையில் இருந்த காகங்கள் எழும்பின. ஒரு முஸ்லிம் பெரியவர் தொப்பியைக் கழற்றி முகம் துடைத்தார். பிரியங்கினியின் கையிலிருந்த கவர் கீழே விழுந்தது. அவளும் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

குணமணி ஒலிபெருக்கியை நிறுத்தி, கண்ணாடியின் ஓட்டைக்குக் குனிந்தாள். "பேர் என்ன?"

"றுஷ்தா. ஏன், பொலிசுக்குக் குடுக்கவா?"

"வியாழக்கிழமை லீவு எடுப்பியோ?"

"எதுக்கு?"

"என்னை நக்கலடிக்க."

வியாழக்கிழமை காலை பத்து மணிக்குக் குணமணி றுஷ்தாவைக் கூட்டிக்கொண்டு நிலையத்துக்கு வந்தாள். முன்னறிவித்தல் இல்லை, அனுமதி இல்லை. காற்றாடிக்குக் கீழே ஜெயரூபி ஹெட்போனைப் போட்டு ஆயத்தமாக இருந்தாள். குணமணி தன் கதிரையில் போய் இருந்து, கையைக் கட்டிக்கொண்டாள்.

"அக்கா, இது என்ன வேலை?" என்று ஜெயக்காந்தன் உள்ளே வந்தார்.

"தெய்வானையைக் கூட்டி வந்தனான்."

"தெய்வானை இருக்கிறா."

"தம்பி, நான் இண்டைக்கு இந்தப் பிள்ளைக்கு முன்னால மட்டும்தான் வாய் திறப்பன். ஏலாதெண்டால் பழைய நாடகத்தைப் போடுங்கோ. அதுவும் ஏலாதெண்டால் சனிக்கிழமை அரை மணித்தியாலத்துக்கு மதிலை மட்டும் போடுங்கோ. நாங்கள் ரெண்டு பேரும் வெளியில சாப்பாட்டுக் கடையில நிண்டு கதைக்கிறம். கேக்கிற ஆக்கள் அங்க வரட்டும்."

"நான் சொன்னதை நீங்கள் கொஞ்சமும் யோசிக்கேல்லை. திருப்பியும் ஒரு முஸ்லிம் பிள்ளையைத் தமிழ்ப் பொம்பிளையா..."

"யோசிச்சனான். நல்லா யோசிச்சுப் போட்டுத்தான் செய்யிறன். அவள் எனக்குச் சொல்லட்டும், நான் அவளுக்குச் சொல்லுறன். ரெண்டு பேரும் மூஞ்சைக்கு நேரை. முதுகுக்குப் பின்னால சொல்லுறதை அந்தப் பேஸ்புக்கில எழுதுறவன் செய்யட்டும்."

அப்போது ஜெயரூபி ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்தாள். "சேர், நானும் ஒண்டு சொல்லட்டோ? நாலு கிழமையா இவவுக்கு முன்னால இருக்கிறன். ஒரு நாளும் இவ என்னைப் பாக்கேல்லை. எனக்குப் பின்னால ஆரையோ பாக்கிறா. எனக்குக் கழுத்துச் சுளுக்குது." அவள் எழும்பினாள். கோபம் இருந்தது, எழும்பிய விதத்தில் கொஞ்சம் நிம்மதியும் இருந்தது. "இந்தக் கதிரையில லைலா அன்ரி இன்னும் எழும்பேல்லை. அவவின்ர மடியில இருக்க எனக்கு ஏலாது."

குணமணி அதைக் கேட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை.

றுஷ்தா அந்தக் கதிரையில் இருந்தாள். சிவப்பு விளக்கு எரிந்தது. அகப்பை மூன்று தரம் தட்டியது. முதல் ஐந்து நிமிடம் றுஷ்தாவின் தெய்வானை துள்ளிக்கொண்டு போனாள். றஹ்மா பின்னால் இழுபட்டாள். குணமணி எல்லா வசனத்தையும் சரியாகச் சொன்னாள், பன்னிரண்டு வருடம் சொன்ன அதே றஹ்மா, அதே இழுப்பு, அதே நிறுத்தம். இரண்டும் ஒன்றோடொன்று முட்டவில்லை. கண்ணாடிக்கு வெளியே இருந்த பிரியங்கினி பேனையைக் கீழே வைத்தாள். இன்றைக்குச் சரிவராவிட்டால் அடுத்த கிழமை அவரவர் அவரவராக நடிப்பார்கள், அல்லது நாடகமே நின்றுவிடும். ஜெயக்காந்தனின் முகம் அதைச் சொன்னது.

றுஷ்தா கையைத் தூக்கினாள். "கொஞ்சம் நிப்பாட்டுங்க." பிறகு தன் சொந்தக் குரலில் கேட்டாள். "அக்கா, நான் ஒங்களத்தான் செய்யிறன். நீங்க யாரச் செய்யிறீங்க? எனக்குப் பின்னால யாரு இரிக்கா?"

ஒரே பேச்சை ஒரு காலையில் இரண்டு பேர் வாயால் கேட்பது லேசில்லை. குணமணியின் முகம் இறுகியது. ஜெயக்காந்தனிடம் காட்டிய முகம் இல்லை இது. எழும்பி வெளியே வந்தாள். விறாந்தையில் தண்ணீர்க் குடத்தடியில் நின்று தொலைபேசியை எடுத்தாள். பிரியங்கினி ஒரு குவளை தண்ணீரோடு பின்னால் போய், கிட்டப் போகாமல் நின்றாள்.

"லைலா, நான்தான். நீ கதைக்காதை, கேள். உன்ர தெய்வானைக்கு நான் ஆள் பிடிச்சிட்டன். நல்ல வாய்க்காரி. ஆனால் பிழை என்னிலதான். நான் இன்னும் உன்னையே கதைச்சுக்கொண்டிருக்கிறன். அவளுக்கு முன்னால இருந்துகொண்டு உன்னைக் கதைக்கிறன்." தொலைபேசியை மற்றக் காதுக்கு மாற்றினாள். "றஹ்மாவை உன்னட்டையிருந்து கழட்டப்போறன். இனி அவள் இவளை மாதிரிக் கதைப்பாள். உனக்குச் சம்மதமோ?"

அந்தப் பக்கத்தில் பாத்திரம் ஏதோ உருளும் சத்தம். அதன் பிறகு, அகப்பையால் சுவரில் தட்டுவது போல, மூன்று தட்டு.

குணமணி உள்ளே போனாள். தண்ணீர்க் குவளை பிரியங்கினியின் கையிலேயே இருந்தது.

மறுபடி தொடங்கிய பதிவில் றஹ்மா வேறு ஆள். இழுத்துப் பேசுவது போய்விட்டது. சட்டென்று வெட்டுகிறாள், கேள்விக்குக் கேள்வி திருப்பிக் கொடுக்கிறாள், வசனம் முடியுமுன் "யாரு?" என்று குறுக்கே விழுகிறாள். ஒரு நிமிடம் றுஷ்தாவுக்கு விளங்கவில்லை. விளங்கியதும் வாயைப் பொத்திக்கொண்டாள். தன்னைத்தான் முன்னால் கண்டாள். முதல் வெறும் இடம் வந்தது.

"இன்னும் என்ன, நீ எப்ப வாயை மூடப் போறாய்?" என்றாள் குணமணியின் றஹ்மா.

"நான் மூடுவன்," என்றாள் றுஷ்தாவின் தெய்வானை. "ஆனால் மதில் இவ்வளவு காலமும் நிக்கிறது எங்கட சத்தத்திலதானே. நிப்பாட்டினால் விழுந்திடும். பிறகு கட்டுறது உன்ர புருசனோ, என்ர புருசனோ?"

தொழில்நுட்பக்காரர் மேசையில் தலையை வைத்தார்.

ஞாயிறு காலை நாற்பத்தொரு குரல் செய்தி. மூதூரிலிருந்து ஒருவர், "தெய்வானைட குரல் மாறி இரிக்கி, வாய் அதே வாய்தான்" என்றார். வெருகலிலிருந்து ஒரு பெண், றஹ்மாவுக்கு என்ன நடந்தது, ஆரோ மருந்து கொடுத்து இளமையாக்கிப் போட்டினமோ என்று கேட்டாள். பழையதுதான் நல்லது என்று எட்டுப் பேர் திட்டியிருந்தார்கள். பேஸ்புக்கில் அதே ஆள் மறுபடி எழுதியிருந்தார். இந்தத் தடவை றுஷ்தாவையும் சேர்த்து. "நான் யாரப் போல கதைக்கணும் எண்டு எனக்குத் தெரியும். நீங்க முதல்ல நாடகத்தக் கேட்டுட்டு ஒங்களப் போலக் கதைங்க," என்று றுஷ்தா அதற்குக் கீழே தன் பெயரிலேயே எழுதினாள்.

திங்கட்கிழமை ஜெயக்காந்தன் கூட்டம் வைத்தார். அவர் கெட்ட மனிதர் இல்லை; நிலையத்தைத் திறந்து வைத்திருக்க வேண்டிய பயம் அவருடையது. றுஷ்தா இருக்கட்டும், குணமணியும் றஹ்மாவாகவே இருக்கட்டும் என்றார். ஆனால் இனி வெறும் இடம் கூடாது. ஒவ்வொரு வசனமும் எழுத்தில் இருக்க வேண்டும், புதன்கிழமை தன் மேசைக்கு வரவேண்டும், தான் கையொப்பம் வைப்பார். நாளைக்கு யாரும் கேட்டால் காட்டக் கடதாசி வேண்டும்.

"அப்ப காத்தாடிக்குக் கீழ ஒரு ரெக்கோடரை வைச்சுப்போட்டு என்னைக் கூப்பிடுங்கோ," என்றாள் குணமணி. "ரெக்கோடருக்கு முன்னால இருக்க நான் வரமாட்டன்." அவள் படகுத் துறைக்குப் போய்விட்டாள். வியாழன் வருவாளா என்று ஒருவருக்கும் தெரியாது.

பிரியங்கினி செவ்வாய் முழுவதும் எழுதினாள். வசனங்கள் நன்றாகவே வந்தன. வெறும் இடங்களுக்கும் அவளால் எழுத முடிந்தது, சிரிப்பு வரக்கூடியதாகவே. எழுதிப் பார்த்தாள். அழித்தாள். புதன் காலை அச்செடுத்தபோது மூன்று இடத்தில் இரண்டு விரல் அகலம் வெள்ளையாகக் கிடந்தது. கடைசிப் பக்கத்தில் 'சரிபார்த்தவர்' என்ற இடத்தில் தன் பெயரை முழுதாக எழுதி, கொண்டுபோய் ஜெயக்காந்தனின் மேசையில் வைத்தாள்.

அவர் பக்கம் பக்கமாகப் புரட்டினார். "இது என்ன இடம்?"

"வசனம் சேர்."

"எங்க வசனம்?"

"வியாழக்கிழமை வரும்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். மூன்று வருடத்தில் அவள் அவருக்குச் சொன்ன மிக நீளமான மறுப்பு அது. "பிரச்சினை வந்தால்? ஆரும் கேட்டால் நான் என்ன சொல்லுறது?"

"என்ர பேர் கீழ இருக்கு சேர். அதைச் சொல்லுங்கோ."

அவள் மேசையை விட்டு நகராமல் நின்றாள். ஜெயக்காந்தன் பேனையின் மூடியைக் கழற்றினார், போட்டார், மறுபடி கழற்றினார். கையொப்பம் வைத்த பிறகும் கடதாசியைக் கொஞ்ச நேரம் தன் கையில் பிடித்துக்கொண்டிருந்தார்.

பிரியங்கினி அதை எடுத்துக்கொண்டு படகுத் துறைக்கு நடந்தாள். ஒரு நாள் பிந்திய பிரதி. வழியெல்லாம் அவளுக்கு நினைவில் இருந்தது மூன்று வருடத்துக்கு முந்திய ஒரு நாள். அவள் எழுதிய முதலாவது பிரதி அது. பழைய பிரதிகளில் இருந்த வெள்ளை இடங்களைச் சாமித்தம்பியின் சோம்பல் என்று நினைத்து, மூன்றையும் நல்ல நல்ல நகைச்சுவையால் நிரப்பிக் கொடுத்திருந்தாள். குணமணி அதைக் கூண்டிலேயே வாசித்தாள், ஒரு இடத்தில் சிரித்தும்விட்டாள். பிறகு கண்ணாடிக்குப் பின்னால் இருந்து வெளியே இறங்கி வந்து, அவளுக்குப் பக்கத்தில் நின்று, யாருக்கும் கேட்காத ஒரு மெல்லிய குரலில், அந்த ஒரு தரம் மட்டும், கேட்டாள்:

"வடிவா எழுதுறீங்கள் பிள்ளை. ஆனால் எனக்காக ஒரு உதவி செய்யுங்கோ. இந்த மூண்டு இடத்தையும் வெறுமையா விடுங்கோ. எனக்கு விடச் சொல்லேல்லை. எனக்கு முன்னால இருக்கிறவளுக்கு விடுங்கோ. ஆர் இருந்தாலும்."